குளிர் காலையில் ஸ்டார்ட் எடுக்காத டீசல் வாகனம்: மலையகத்துப் புதிய சாரதிகளுக்கு ஒரு வழிகாட்டி

மார்கழி பிறந்தது முதல் மாசி நடுப்பகுதி வரை, நுவரெலியா, கந்தப்பளை, இராகலை, அம்பேவெல, பட்டிப்பொல ஆகிய பக்கங்களில் விடியுமுன்னே மரக்கறி ஏற்றப் புறப்படும் லொறிக்காரர்களும், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றச் செல்லும் வேன்காரர்களும் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான். நேற்று மாலை வரை ஒழுங்காக ஓடிய வாகனம், புல்லின் மேல் துகள் பனி படிந்த காலையில் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. வெள்ளைப் புகையைக் கக்குகிறது. பெட்டரி இறங்கிய பிறகு அசையவும் மறுக்கிறது. அக்கம்பக்கத்தில் உள்ளவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஒருவர் பெட்டரி என்பார், மற்றவர் பம்ப் என்பார், மூன்றாமவர் மண்ணெண்ணெய் கலக்கச் சொல்வார். புதிதாக டீசல் வாகனம் வாங்கியவர் இந்த மூன்று பேச்சையும் கேட்டு மூன்று இடத்திலும் பணத்தைச் செலவழித்துவிட்டு, நான்காவது இடத்தில் குறையைக் கண்டுபிடிப்பார். நானும் அப்படித்தான் தொடங்கினேன் என்பதால், எதை முதலில் பார்க்க வேண்டும், எதைப் பார்த்த பிறகு எதற்குப் போக வேண்டும் என்ற ஒழுங்கை இங்கே எழுதுகிறேன்.

குளிர் ஏன் டீசல் இயந்திரத்தை வாட்டுகிறது

பெற்றோல் இயந்திரத்தில் எரிபொருளைப் பற்றவைக்கப் பிளக்கின் தீப்பொறி இருக்கிறது. டீசல் இயந்திரத்தில் அது இல்லை. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்று, வாகனத்தின் வகையைப் பொறுத்து, பதினாறில் ஒரு பங்கு முதல் இருபத்திரண்டில் ஒரு பங்கு வரையான இடத்துக்குள் அமுக்கப்படுவதால் உண்டாகும் வெப்பமே டீசலைப் பற்றவைக்கிறது. ஆகவே அந்த வெப்பத்தைக் குறைக்கும் எதுவும் ஸ்டார்ட்டைக் கெடுக்கும். உள்ளே வரும் காற்றே குளிர்ந்திருப்பது ஒன்று. இரவு முழுவதும் குளிர்ந்த இரும்பு அந்தக் காற்றின் சூட்டை உறிஞ்சுவது இன்னொன்று. தடித்துப்போன இயந்திர எண்ணெயையும் சோர்ந்த பெட்டரியையும் வைத்துக்கொண்டு இயந்திரம் மெதுவாகச் சுற்றுவது மூன்றாவது. மெதுவாகச் சுற்றும்போது, அமுக்கப்படும் காற்று பிஸ்டன் ரிங்குகளின் ஓரமாகக் கசிவதற்கும் சூட்டை இழப்பதற்கும் நேரம் கிடைத்துவிடுகிறது.

இவற்றோடு எமது மலைக்கு உரிய இன்னொரு காரணமும் உண்டு. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் வளியமுக்கம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். ஒவ்வொரு சுற்றிலும் சிலிண்டருக்குள் போகும் காற்று அந்த அளவுக்குக் குறைவதால், அமுக்கத்தின் முடிவில் கிடைக்கும் அழுத்தமும் குறைகிறது; டீசல் பற்றிக்கொள்வதும் தாமதமாகிறது. கொழும்பில் பார்த்து வாங்கிய வேன் ஒன்று அங்கே அரைச் சுற்றில் ஸ்டார்ட் எடுத்ததாகவும் இங்கே வந்த மறுநாளே பழுதாகிவிட்டதாகவும் சிலர் குறைப்படுவதுண்டு. வேன் வழியில் பழுதானதல்ல. சமவெளியின் வெயில் மறைத்து வைத்திருந்த தேய்வை மலையின் குளிரும் உயரமும் வெளியே கொண்டுவந்துவிட்டன.

கையை வைக்கும் முன் கண்ணும் காதும்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன், வாகனம் என்ன செய்கிறது என்பதை இரண்டு மூன்று காலைகள் கவனித்து ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். இது வீண் வேலைபோலத் தோன்றும். ஆனால் பாதி விடை இந்தக் குறிப்பிலேயே இருக்கும்.

முதலில் இயந்திரம் சுற்றும் வேகத்தைக் கேளுங்கள். பகலில் சூடாக இருக்கும்போது சுற்றும் ஓசைக்கும் காலையில் சுற்றும் ஓசைக்கும் பெரிய வேறுபாடு இருந்தால், குறை பெட்டரி, கேபிள், ஸ்டார்டர் மோட்டர், எண்ணெய் ஆகிய நான்கில் ஒன்றில் இருக்கிறது. வேகமாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் அந்த நான்கையும் விட்டுவிடலாம்.

அடுத்ததாக, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, நீங்கள் பின்னால் நின்று சைலன்சரைப் பாருங்கள். வேகமாகச் சுற்றியும் புகையே வராவிட்டால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. மூக்கை அரிக்கும் பச்சை டீசல் நாற்றத்துடன் வெள்ளைப் புகை வந்தால், டீசல் போகிறது, ஆனால் அதை எரிக்கப் போதிய சூடு இல்லை. ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகளை அல்லது தேய்ந்த இயந்திரத்தைச் சந்தேகிக்க வேண்டும். கறுப்புப் புகை காற்று குறைவதைக் காட்டும். எயார் பில்டர் அடைத்திருக்கலாம். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது.

மூன்றாவதாக, ஸ்டார்ட் எடுத்த பின் நடப்பதையும் எழுதுங்கள். ஓரிரு நிமிடம் ஒரு பக்கம் உதறி, வெள்ளைப் புகை விட்டுப் பிறகு சீராகிறதா? அல்லது உடனே பற்றிக்கொண்டு, சில வினாடிகளில் மூச்சடைத்ததுபோல நின்றுவிடுகிறதா? முதலாவது சூட்டுக் குறை. இரண்டாவது பெரும்பாலும் டீசல் குழாயில் காற்றுப் புகுந்ததன் அடையாளம்.

இன்னும் ஒன்று: முதல் நாள் இரவு வாகனத்தை மேட்டை நோக்கி நிறுத்தினீர்களா, பள்ளத்தை நோக்கியா என்பதையும் குறியுங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

பெட்டரியும் அதன் கேபிள்களும்

பெட்டரிக்குள் நடப்பது இரசாயன வேலை. குளிரில் அது மந்தமாகும். பூச்சிய பாகையை நெருங்கும்போது நல்ல பெட்டரியும் தன் வலுவில் மூன்றிலொரு பங்களவை இழந்துவிடும். அதே நேரத்தில் இயந்திரமோ வழக்கத்தைவிடக் கூடுதலான வலுவைக் கேட்கிறது. கொழும்பு வீதியில் இன்னும் ஒரு வருடம் ஓடக்கூடிய பெட்டரி நானுஓயாவில் தைக் குளிரோடு விடைபெறுவது இதனால்தான்.

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் போதும். காலையில் வாகனத்தைத் தொடும் முன் பெட்டரியின் இரண்டு முனைகளிலும் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழுமையாகச் சார்ஜ் ஆகியிருக்கிறது. 12.2 என்றால் பாதியளவுதான் இருக்கிறது. 12 அளவில் நின்றால் அந்தக் காலையில் அதை நம்ப முடியாது. பிறகு ஒருவரைச் ஸ்டார்டரைச் சுற்றச் சொல்லி மீட்டரைப் பாருங்கள், சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பெட்டரி பலவீனமானது அல்லது ஸ்டார்டர் மோட்டர் அளவுக்கு மீறி இழுக்கிறது. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் குறை ஓல்டர்னேட்டரில். புதிய பெட்டரி வாங்கினாலும் அது ஒரு வாரத்தில் இறங்கிவிடும். 24 வோல்ட் லொறிகளில் இந்த எண்கள் அனைத்தையும் இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு பெட்டரிகளையும் தனித்தனியாகவும் அளக்க வேண்டும், ஏனெனில் ஒன்று நல்லதாகவும் மற்றது செத்ததாகவும் இருப்பது அடிக்கடி நடப்பது.

பெட்டரி நன்றாக இருந்தும் இயந்திரம் மெதுவாகச் சுற்றினால், கேபிள்களைப் பாருங்கள். எனது முதல் வேனுக்கு ஹீட்டர் பிளக்குகள் நான்கையும் மாற்றினேன். பிறகு பெட்டரியையும் மாற்றினேன். மூன்றாவது வாரத்தில்தான், இயந்திரத்திலிருந்து செசிக்குப் போகும் எர்த் வயரின் முனை பச்சை பூத்து, போல்ட்டில் தளர்ந்து நிற்பதைக் கண்டேன். கம்பித் தூரிகையால் துலக்கி இறுக்கியதோடு வேலை முடிந்தது. அதை அளந்து கண்டுபிடிக்கும் வழி எளியது: மீட்டரின் ஒரு முனையைப் பெட்டரியின் நெகட்டிவ் தூணிலும் மற்றதை இயந்திரத்தின் வெறும் இரும்பிலும் வைத்து, ஸ்டார்டரைச் சுற்றும்போது பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் தடை இருக்கிறது. பொசிட்டிவ் பக்கத்தையும், பெட்டரித் தூணிலிருந்து ஸ்டார்டரின் தடித்த முனை வரை, இதேபோல அளக்கலாம். பெட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், கழற்றி, அப்பச்சோடா கரைத்த சுடுநீரால் கழுவித் துடைத்து, மீண்டும் பூட்டி, மேலே சிறிது கிரீஸ் பூசுங்கள். கழற்றும்போது நெகட்டிவை முதலிலும், பூட்டும்போது அதைக் கடைசியிலும் செய்ய வேண்டும்.

ஹீட்டர் பிளக்

மலையகத்தில் ஓடும் பழைய ஜப்பானிய டீசல் வேன்களில் பெரும்பாலானவை, சிலிண்டர் ஹெட்டில் உள்ள ஒரு சிறு முன்னறைக்குள் டீசலைத் தெளிக்கும் வகையைச் சேர்ந்தவை. அந்த முன்னறையின் சுவர் குளிர்ந்திருந்தால் அமுக்கத்தின் சூடு போதாது. ஆகவே ஒவ்வொரு சிலிண்டருக்கும் பென்சில் பருமனில் ஒரு ஹீட்டர் பிளக் இருக்கும்; சாவியைத் திருப்பியதும் அதன் நுனி சில வினாடிகளில் செக்கச்செவேலென்று 800 பாகைக்கு மேல் சூடேறும். பெரிய லொறி, பஸ் இயந்திரங்கள் பலவற்றில் ஹீட்டர் பிளக்கே இருக்காது. சிலவற்றில் காற்று உள்ளே வரும் குழாயில் ஒரு ஹீட்டர் மட்டும் இருக்கும். உங்களுடையது எந்த வகை என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். இல்லாத பிளக்கைத் தேடிக் காலை முழுவதும் செலவழித்தவர்களும் உண்டு.

டாஷ்போர்டில் சுருள்போன்ற மஞ்சள் விளக்கு எரிந்து அணைவதைப் பார்த்துவிட்டு, ஹீட்டர் வேலை செய்கிறது என்று முடிவு செய்யக் கூடாது. பழைய வாகனங்களில் அந்த விளக்கு வெறும் நேரக் கணக்கைத்தான் காட்டுகிறது. நான்கு பிளக்குகளும் செத்திருந்தாலும் அது ஒழுங்காக எரிந்து ஒழுங்காகவே அணையும்.

சோதிக்கும் முறை இது. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது, பிளக்குகளின் தலைகளை இணைக்கும் தகட்டுப் பட்டியின் சிறிய நட்டுகளைக் கழற்றிப் பட்டியை எடுத்துவிடுங்கள். சாதாரண 12 வோல்ட் சிக்னல் பல்ப் ஒன்றுக்கு இரண்டு வயர்களைப் பொருத்தி, ஒன்றைப் பெட்டரியின் பொசிட்டிவில் இணைத்து, மற்றதை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொட்டுப் பாருங்கள். பல்ப் எரிந்தால் அந்தப் பிளக்கின் உள்கம்பி அறுந்திருக்கவில்லை. எரியாவிட்டால் அது செத்தது. மீட்டரில் ஓம் அளந்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும்: நல்ல பிளக்குகள் பொதுவாக அரை ஓம் முதல் இரண்டு ஓம் வரை காட்டும், நான்கும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்ட வேண்டும். விலை குறைந்த மீட்டராக இருந்தால், முதலில் அதன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிளக்கின் தலையில் பெட்டரி வயரை நேரடியாகத் தொட்டுத் தீப்பொறி பார்ப்பது பல கராஜ்களில் நடக்கும் வழக்கம். பழைய ஜப்பானிய வாகனங்கள் சிலவற்றில் 6 வோல்ட் அளவிலான பிளக்குகள் பயன்படுத்தப்பட்டுள்ளன. மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயும் தடைக் கம்பியும் சேர்ந்துதான் அவற்றைக் காக்கின்றன. 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் நல்ல பிளக்கும் சில வினாடிகளில் எரிந்துபோகும். புதிய பிளக் வாங்கும்போதும் அதன் உடலில் பொறித்துள்ள வோல்ட் அளவையும் இலக்கத்தையும் பழையதோடு ஒப்பிட்டே வாங்க வேண்டும். இரண்டு வகையை ஒரே இயந்திரத்தில் கலந்து போடக் கூடாது.

பிளக்குகள் எல்லாம் நல்லவையாக இருந்தும் சூடு வரவில்லை என்றால், பட்டியை மீண்டும் பூட்டி, சாவியை ஹீட்டர் நிலையில் வைத்து, பட்டிக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் தடித்த பியூஸும் ரிலேயும்தான் அடுத்து பார்க்க வேண்டியவை. சாவியைத் திருப்பும்போது ரிலே ‘டக்’ என்று ஓசை எழுப்ப வேண்டும். ஓசை வந்தும் மின்சாரம் வராவிட்டால், அதன் உள்முனைகள் கருகியிருக்கும்.

நான்கில் ஒரு பிளக் செத்தால் வாகனம் ஸ்டார்ட் எடுக்கும், ஆனால் அந்தச் சிலிண்டர் சூடாகும் வரை உதறும். இரண்டு செத்தால் ஹட்டனில் எப்படியோ சமாளிக்கும். கந்தப்பளைக் குளிரில் கைவிட்டுவிடும். பழைய பிளக்குகளைக் கழற்றும்போது அவசரப்படாதீர்கள். கரி பிடித்து இறுகிய பிளக் உடைந்து அதன் நுனி உள்ளே விழுந்தால், ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். இயந்திரம் இளஞ்சூடாக இருக்கும்போது, துரு நீக்கும் எண்ணெயை முதல்நாளே விட்டு, சிறிது சிறிதாக முன்னும் பின்னும் அசைத்துக் கழற்றுவதே முறை.

மேடு, பள்ளம், டீசல் குழாயில் காற்று

வேகமாகச் சுற்றுகிறது, ஹீட்டரும் நன்று, ஆயினும் நெடுநேரம் புகையில்லாமல் சுற்றிய பிறகே பற்றுகிறது. அல்லது பற்றிக்கொண்டு உடனே நின்றுவிடுகிறது. இது காற்றுப் புகுந்த குறை. தாங்கியிலிருந்து பம்ப் வரையான குழாயை டீசல் பம்ப் உறிஞ்சுகிறது. அந்த வழியில் மயிரிழை அளவு ஓட்டை இருந்தால், ஓடும்போது அதற்குள் காற்று நுழையும். நின்றிருக்கும்போது டீசல் மெல்லத் தாங்கிக்கே திரும்பி வடியும். உறிஞ்சும் பக்கத்தில் உள்ள ஓட்டையிலிருந்து டீசல் வெளியே ஒழுகாமலும் இருக்கலாம் என்பதால், குழாயெல்லாம் உலர்ந்திருக்கிறது, ஆகவே கசிவே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

மலையில் வாழ்பவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்கக் காசில்லாத கருவி ஒன்று இருக்கிறது: வீதியின் சரிவு. ஓர் இரவு வாகனத்தின் மூக்கை மேட்டுப் பக்கம் வைத்து நிறுத்துங்கள். அப்போது இயந்திரம் தாங்கியைவிட உயரத்தில் இருப்பதால் டீசல் எளிதாகத் திரும்பி வடியும். மறுநாள் இரவு மூக்கைப் பள்ளத்தை நோக்கி வையுங்கள். முதல் காலை மறுத்து, இரண்டாம் காலை உடனே ஸ்டார்ட் எடுத்தால், ஹீட்டரையும் பெட்டரியையும் மறந்துவிட்டு டீசல் குழாயை ஆராயலாம். இரண்டு இரவுகளிலும் குளிர் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வைக்கவும் மறக்கக் கூடாது.

அடுத்து, டீசல் பில்டரின் தலையில் உள்ள கைப்பம்பைக் காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன் அமுக்கிப் பாருங்கள். முதல் சில அமுக்கலிலேயே இறுகினால் குழாய் நிறைந்திருக்கிறது. இருபது முப்பது தடவை தொளதொளவென்று இறங்கி, பிறகு இறுகி, அதன்பின் வாகனம் உடனே பற்றிக்கொண்டால், காற்றுதான் குறை என்பது உறுதி. பில்டருக்கும் பம்புக்கும் இடையே ஒரு சாண் நீளத்துக்கு ஒளி ஊடுருவும் டீசல் குழாயைத் தற்காலிகமாகப் போட்டு ஓட விட்டால் குமிழிகளைக் கண்ணாலேயே காணலாம். காற்று நுழையும் வழக்கமான இடங்கள் பில்டரின் ரப்பர் வளையம், அடியில் உள்ள தண்ணீர் சென்சரின் வளையம், வெடித்த ரப்பர்க் குழாய்கள், தளர்ந்த கிளிப்புகள், செப்பு வொஷர்கள், தாங்கியின் மேல் துருவேறிய இரும்புக் குழாய், கைப்பம்பின் உள்தோல் ஆகியவை. அண்மையில் பில்டர் மாற்றிய பிறகுதான் குறை தொடங்கியது என்றால், வேறெங்கும் போகாமல் அங்கேயே தேடுங்கள்.

பில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரையும் இந்த வேளையில் வடித்துவிடுங்கள். பாதி வெறுமையான தாங்கியில் இரவுக் குளிரில் ஈரம் வியர்த்து டீசலில் இறங்குவதால், மலையில் ஓடும் வாகனங்களுக்கு இந்த வேலை அடிக்கடி தேவைப்படும். இயன்றால் டீசலைக் காலையில் அடிக்காமல் மாலையில் அடித்து, தாங்கியை நிறைத்து நிறுத்துங்கள்.

எண்ணெய்

20டபிள்யூ-50 போன்ற தடித்த எண்ணெய் குளிர் காலையில் பாகுபோல இறுகி ஸ்டார்டரை இழுத்துப் பிடிக்கும். பழைய இயந்திரம் எண்ணெய் குடிக்கிறது என்பதற்காகத் தடித்ததை ஊற்றியவர்கள், அதன் விலையை விடியற்காலையில் கொடுக்கிறார்கள். பெரும்பாலான பழைய டீசல் வேன்களுக்கு 15டபிள்யூ-40 பொருந்தும். புதியவற்றுக்குக் கையேடு சொல்வதைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது.

டீசல் கட்டியாகிவிட்டதா?

குளிர் நாடுகளைப் பற்றிய குறிப்புகளைப் படித்தவர்கள் உடனே இதைத்தான் கேட்பார்கள். டீசலில் உள்ள மெழுகு கடுங்குளிரில் பிரிந்து பில்டரை அடைப்பது உண்மையே. ஆனால் எமது 5, 6 பாகைக் காலைகளில் மேலே சொன்னவற்றை எல்லாம் பார்த்து முடிக்கும் முன் இதைச் சந்தேகிக்க வேண்டாம். சோதிக்க விரும்பினால், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பில்டரின் உடலைச் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். அதன்பின் வாகனம் ஒழுங்காக ஓடினால், அடைத்துப்போன பில்டரை மாற்றுங்கள்; அதுவே பெரும்பாலும் போதும். வெந்நீரை டீசல் பம்பின் மேல் மட்டும் ஊற்றவே கூடாது. உள்ளே மிக நெருக்கமாகப் பொருந்திய பாகங்கள் சமமின்றி விரிந்து இறுகிப் பிடித்துக்கொள்ளலாம்.

மண்ணெண்ணெய் கலப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. பம்பின் உட்பாகங்களுக்கு டீசலே மசகு. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு. இரண்டு காலைகள் சுகமாகப் போகும், பிறகு பம்பும், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நொசில்களும் தேயும்.

காலையில் ஸ்டார்ட் பண்ணும் ஒழுங்கு

லைட், விசிறி, ரேடியோ அனைத்தையும் அணைத்துவிட்டு, சாவியை ஹீட்டர் நிலையில் வைத்து, விளக்கு அணைந்த பின்னும் ஐந்தாறு வினாடி பொறுத்து, ஒருமுறை முழுவதும் அணைத்து, மீண்டும் அதே நிலைக்குக் கொண்டுவாருங்கள். இரண்டாம் முறை சூடேறியதும் கிளச்சை முழுவதும் மிதித்துச் சுற்றுங்கள். கியர்பெட்டியின் தடித்த எண்ணெயைச் சுழற்றும் சுமை அதனால் ஸ்டார்டருக்கு இல்லாமற்போகும். பத்து, பதினைந்து வினாடிகளுக்கு மேல் தொடர்ந்து சுற்றக் கூடாது. ஒரு நிமிடம் பெட்டரியையும் ஸ்டார்டரையும் ஆறவிட்டு மறுபடி முயலுங்கள். மிதிக்காதபோது இயந்திரம் ஓடும் வேகத்தை உயர்த்தும் ஐட்ல் நொப் வேனில் இருந்தால் சிறிது இழுத்துவிடலாம். பற்றிய பிறகு எக்சலேட்டரை மிதித்து உறுமவிடக் கூடாது.

மற்றொரு வாகனத்திலிருந்து ஜம்பர் வயர் போடுவதாயின், பொசிட்டிவைப் பொசிட்டிவோடும், உதவும் வாகனத்தின் நெகட்டிவை உங்கள் இயந்திரத்தின் வெறும் இரும்போடும் இணையுங்கள். பெட்டரியின் அருகில் தீப்பொறி பறக்காதிருக்கவே இந்த ஏற்பாடு. பக்கத்தில் நிற்கும் லொறி 24 வோல்ட்டா என்பதைக் கேட்காமல் உங்கள் 12 வோல்ட் வேனுக்கு வயர் போடாதீர்கள். அயலவர் நல்ல மனதோடு கொடுக்கும் அந்த மின்சாரம் வேனின் மின்கருவிகள் அனைத்தையும் எரித்துவிடும்.

சரிவில் உருட்டி ஸ்டார்ட் பண்ணுவது மலையகத்தின் பழைய பழக்கம். இயந்திரம் ஓடாத நிலையில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் பவர் ஸ்டியரிங்கும் இல்லை என்பதையும், பனிமூட்டத்தில் ஈரமான வளைவு முன்னே இருக்கிறது என்பதையும் நினைத்துக்கொண்டால், இந்தப் பழக்கத்தை விடுவதற்கு வேறு காரணம் தேவையில்லை. ஸ்டார்ட் எடுத்த பின்னும், வேனானால் பிரேக் மிதி சரியான உறுதியோடு நிற்கிறதா என்று பார்த்தும், லொறியானால் காற்றழுத்த மானி உரிய அளவுக்கு ஏறும் வரை காத்திருந்தும்தான் ரம்பொடை இறக்கத்தை நோக்கித் திருப்ப வேண்டும்.

ஸ்டார்ட் ஸ்ப்ரே எனப்படும் ஈதர் தெளிப்பானை ஹீட்டர் பிளக் உள்ள இயந்திரத்தில் அடிக்கக் கூடாது. சிவந்திருக்கும் பிளக்கில் அது நேரம் தவறி வெடித்துப் பிஸ்டனையும் ரிங்கையும் உடைக்கும். எயார் பில்டர் வாயில் துணியைக் கொளுத்திப் பிடிப்பதும், எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் கரியடுப்பு வைப்பதும் இன்னும் சில இடங்களில் நடக்கின்றன. ஒழுகிய டீசலும் பழைய வயர்களும் அங்கேயே இருப்பதை அவர்கள் பார்ப்பதில்லை. அதற்குப் பதிலாக, காற்று வீசாத சுவரோரமாக, காலை வெயில் முதலில் விழும் திசையில் நிறுத்துங்கள். இரவில் பொனட்டின் மேல் ஒரு சாக்கையும் அதன் மேல் படங்கையும் போட்டு மூடுங்கள். ஸ்டார்ட் பண்ணும் முன் இரண்டையும் மறவாமல் எடுத்துவிடுங்கள்.

கொமன் ரெயில் வாகனங்கள்

புதிய வேன்களிலும் சிறிய லொறிகளிலும் உள்ள கொமன் ரெயில் இயந்திரங்களில் (எல்லா நொசில்களுக்கும் ‘ரெயில்’ எனும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் வகை) பெட்டரி, எர்த், ஹீட்டர், பில்டர் வரை மேலே சொன்ன ஒழுங்கிலேயே பார்க்கலாம். அதற்கு மேல் உங்கள் கை போகக் கூடாது. பழைய வாகனங்களில் காற்றை வெளியேற்ற நொசில் குழாயின் நட்டைத் தளர்த்துவது வழக்கம்; கொமன் ரெயிலில் ஓடும் இயந்திரத்தின் குழாயில் அழுத்தம் 1,000 பாருக்கு மேலும் ஏறக்கூடும், அதிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். இவ்வகை இயந்திரம் பற்றுவதற்கு ரெயிலில் குறிப்பிட்ட அழுத்தம் ஏற வேண்டும். தேய்ந்த நொசில்கள் டீசலைத் திருப்பி விட்டுவிட்டால் அந்த அழுத்தம் ஏறாது. அதை ஸ்கேனர் உள்ள கராஜில் அளந்துதான் சொல்ல முடியும்.

கராஜுக்குப் போகும்போது

இவ்வளவுக்குப் பிறகும் குறை தீரவில்லை என்றால் எஞ்சியிருப்பவை வால்வு இடைவெளி, நொசில் தெளிப்பு, பம்ப் டீசலைச் செலுத்தும் நேரம், அமுக்க அளவு ஆகியவைதான். வால்வு இடைவெளி இறுகியிருப்பது பலரும் கவனிக்காத, செலவு குறைந்த காரணம். அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பம்பைக் கழற்ற வேண்டும் என்று சொல்லும் எவரிடமும், அதற்கு முன் நான்கு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் அளந்து, எண்களை எழுதித் தரும்படி கேளுங்கள். அளவு குறைந்திருந்தால் பம்ப் வேலைக்குக் கொடுக்கும் பணம் வீண். பழைய பம்புகளில், குளிரில் நேரத்தை முன்தள்ளி ஐட்ல் வேகத்தையும் உயர்த்தும் மெழுகுக் குப்பி ஒன்று இருக்கும். இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர்க் குழாயோடு இணைந்த அது இறுகிப்போயிருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லலாம். சூடேறுகிறது என்று, இயந்திரம் சூடாகும் வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டெட்டைக் கழற்றி எறிந்த வாகனமாக இருந்தால், அதைத் திரும்பப் போடுவிப்பது நல்லது. முதல் ஸ்டார்ட்டுக்கு அது உதவாது, ஆனால் அரைமணி நேரம் குளிர்ந்த இயந்திரத்தோடு வெள்ளைப் புகை விட்டு ஓடுவது நிற்கும்.

வாகனத்தை முதல்நாள் மாலையே கராஜில் விட்டு, மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் பார்க்கும்படி சொல்லுங்கள். பத்து மணிக்குச் சூடான இயந்திரத்தோடு போனால் எந்த மெக்கானிக்கும் குறையைக் காண முடியாது. அவர் ஊகிப்பார், ஊகத்துக்கும் பணம் கொடுக்க வேண்டும். கொப்பியில் எழுதிய குறிப்புகளையும் அவரிடம் காட்டுங்கள்.

பழைய டீசல் வேன் வாங்கப் போகிறவர்களும் இதே வழியைப் பின்பற்றலாம். விற்பவரிடம் மதியம் வருவதாகச் சொல்லாமல், விடியற்காலை ஆறு மணிக்குப் போய், அவர் சாவியை எடுக்கும் முன் பொனட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அது சூடாக இருந்தால், இன்னொரு காலை வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.